இடது முன் சக்கரத்தில் வைத்த குண்டு

என் உயிர் லூர்து அண்ணாத்தைக்கு,

வண்டி கிளம்பிவிட்டது. இதைச் சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில், நாலு வருஷமாக வாய் திறக்காத உன் பிக்கப் ரெண்டு தடவை இருமி, கறுப்பாய்ப் புகை விட்டு, நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. சத்தம் கேட்டு அண்ணி மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நிறுத்து சவரி, அந்தச் சத்தமே வாணாம்" என்றார்.

நம் டெம்போ டிரைவர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். இறந்துபோன டிரைவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். கூடப்பிறந்தவன் என்பதால் உனக்கு எழுத என்னைக் கேட்டார்கள். "நாலு நல்ல வார்த்தை போதும் சவரி. அந்த பாட்டில் மேட்டர்லாம் வாணாம், இன்னா?" என்று செயலாளர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த பாட்டில் மேட்டரைத்தான் எழுதப் போகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது.

வண்டி ஏன் நாலு வருஷம் நின்றது என்று உனக்குத் தெரியவேண்டும் இல்லையா? போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இழுத்து வந்தபோது அதன் வலது பக்க மூஞ்சிதான் நசுங்கியிருந்தது, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருவொற்றியூரில் இருபது வருஷமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிற ஒரு தம்பி நினைத்திருந்தால் ஒரே மாதத்தில் ரோட்டில் விட்டிருக்கலாம். அண்ணி கேட்டபோதெல்லாம் ஒரு சாக்கு வைத்திருந்தேன். ரேடியேட்டர் கிடைக்கவில்லை என்றேன், அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள் என்றேன். வாங்க ஆள் வந்தபோது, "செத்தவரு வண்டி அண்ணி, அதுக்குள்ள விக்கணுமா" என்று பெரிய பாசக்காரனாட்டம் தடுத்தேன். விற்றால் வாங்குகிறவன் சக்கரத்தைக் கழற்றுவான். அதுதான் என் பயம்.

எந்தச் சக்கரம் என்று உனக்குத் தெரியும். இடது முன் சக்கரம். உனக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பிரேக் ஆயில் நாலு சக்கரத்துக்கும் நாலு குழாயில் போகிறது. ஒரு சக்கரத்தில் கசிந்தால் மொத்த பிரேக்கும் போச்சு. மாற்றுவதற்குச் சாமான் கையில் இல்லை, கூடையில் மீன் காத்திருக்காது என்றால், எங்கள் ஆட்கள் ஒரு வேலை செய்வோம். கசிகிற குழாயின் வாயில் சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்றை வைத்து நட்டை இறுக்கிவிடுவோம். அந்தச் சக்கரத்துக்கு ஆயில் போகாது, கசியவும் கசியாது. பெடல் கெட்டியாகிவிடும், மூன்று சக்கரத்தில் வண்டி நிற்கும். இதற்குப் பெயர் டம்மி. டம்மி போட்டதும் நாங்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: நாளைக்கு வந்து மாத்திக்கோ. மணலியிலிருந்து காட்டுப்பள்ளி வரை பாதி வண்டிகள் அந்த வார்த்தையை நம்பித்தான் ஓடுகின்றன.

பின் சக்கரத்தில் போட்டால் கூட ஏதோ தப்பிக்கலாம். முன் சக்கரம் ஒன்றில் போட்டால், திடீரென்று பிரேக்கை மிதிக்கிற நேரத்தில் வண்டி எதிர்ப்பக்கமாக இழுக்கும். இடதில் போட்டால் வலதுக்கு இழுக்கும். இது எனக்குத் தெரியாததா?

அன்றைக்குக் காசிமேட்டில் லோடு இறக்கிவிட்டு நீ பதினோரு மணிக்கு வந்தாய். இடது முன் சக்கரத்தின் உள்பக்கம் நனைந்து கிடந்தது. கால் மணி நேரத்தில் டம்மி போட்டேன். வழியில் ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொள்ள, மீதியிருந்த பிரேக் ஆயிலைக் கடையில் கிடந்த காலி குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். நீ அதை வெயிலில் தூக்கிப் பார்த்தாய். அசல் பிராந்தி நிறம்.

"டேய், இத வண்டில வச்சிகினு போனா எவனாச்சும் பாத்து இன்னா நெனப்பான்?" என்றாய்.

"பதினோரு மாசமா நீ தொடலன்னு ஊருக்கே தெரியும். எவன் நம்புவான்?" என்று நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் நீ திரும்பி வந்தாய் அண்ணாத்தே. நீ வரவே இல்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ வந்தாய். "லேசா வலதுல இழுக்குதுடா" என்றாய். நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். கசிந்த சக்கரத்துக்கு மாற்றவேண்டிய பிரேக் சிலிண்டர் கூட வாங்கி வைத்திருந்தேன், அலமாரியில்தான் இருந்தது. அடியில் இருந்தபடியே, "டம்மின்னா அப்பிடித்தாண்ணா இழுக்கும். மெதுவா ஓட்டு. நாளைக்கு வா" என்றேன். உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தேன். அதற்கு இரண்டாம் நாள், எண்ணூர் ரோட்டில் முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நின்றது. உன் வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய் நடுத்தடுப்பில் மோதியது.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் படம் ஒன்று காசிமேடு முழுக்கச் சுற்றிவிட்டது. உடைந்த கண்ணாடித் தூளுக்கு நடுவில் ஒரு குவார்ட்டர் பாட்டில். அது மட்டும் உடையவில்லை, பாதி இருந்தது. எனக்கும் நாலு பேர் அனுப்பினார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது பிரேக் ஆயில் என்று நான் ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்ன வந்திருக்கும்? நல்ல வண்டியில் எதற்கு பிரேக் ஆயில் என்று யாராவது ஒருத்தன் கேட்டிருப்பான். அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் வாயை மூட மட்டும் ஒரு குண்டு போதுமாக இருந்தது.

வண்டியைச் சோதிக்க வந்தவர் பெடலை மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. பிரேக் நன்றாக உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உன் உடம்பில் சாராயம் இல்லை என்றுதான் இருக்கிறது. அது ஆறு மாதம் கழித்து இங்கிலீஷில் வந்தது. அண்ணி அதை மடித்தபடியே டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். ஒருநாள் அண்ணி இல்லாத நேரம் நான் எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன், மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்தேன்.

உன் வீட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? கல்லறைத் திருநாளுக்கு நான்தான் போய்ப் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்துவிட்டு வருகிறேன். அண்ணி வருவார், ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார், உடனே போய்விடுவார். உன் மகள் ஜெஸி ஒரு தடவைகூட வரவில்லை. "என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணிட்டு அத தொட்டுச்சே நைனா. நான் செத்தா சாவட்டும்னுதான?" என்று முதல் வருஷம் கேட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "வுடும்மா" என்றேன். வேறு என்ன சொல்லிவிட்டேன் நான்?

இப்போது இருபத்துமூன்று. டிரைவிங் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். ஷேர் ஆட்டோவில் கூடையோடு ஏற்ற மாட்டேன் என்கிறார்களாம், அதனால் அண்ணியையும் கூட வியாபாரம் செய்கிற நாலு பெண்களையும் விடிகாலையில் காசிமேட்டிலிருந்து மணலிக்கு அவளே ஏற்றிப்போகப் போகிறாள். போன மாதம் என் கடை வாசலில் வந்து நின்று, "சித்தப்பா, நீ செய்யலன்னா நான் வேற மெக்கானிக்க இட்டாந்து காட்டிக்கிறேன்" என்றாள். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "நாளையிலேர்ந்து வரேம்மா" என்றேன். வேறொருத்தன் அந்தச் சக்கரத்தைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக உன் வண்டியில் கை வைத்தேன் அண்ணாத்தே, பாசத்தில் இல்லை.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் உப்பும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு வாடை. வெள்ளம் வந்த வருஷம் உள்ளேயும் தண்ணீர் புகுந்திருக்கிறது, வண்டிக் கதவில் முழங்கால் உயரத்துக்கு எண்ணெய்க் கறுப்பாய் ஒரு கோடு. கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினால் பால் ஊற்றின டீயாட்டம் வந்தது. டேங்கில் டீசல் கூழாகக் கிடந்தது. ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது, ஒயரையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை, கியர்பாக்ஸை இறக்கி உளி வைத்துத் தட்டித்தான் பிரித்தேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எண்ணூர்க் காற்றில் நாலு வருஷம் நின்ற வண்டியில் பத்து போல்ட் கழற்றினால் நாலு உடையும். உன் வண்டியில் ஒன்றுகூட உடையவில்லை. ஸ்பானரை வைத்தால் போதும், காத்திருந்தது போல வந்தது. எந்த மெக்கானிக்குக்கும் சந்தோஷமாக இருக்கும். எனக்கு இல்லை. ஏதாவது ஒன்று உடைந்து, இனி இந்த வண்டி ஆகாது என்று சொல்லிவிட ஒரு காரணம் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெஸி தினமும் சாயந்திரம் வந்து, "இன்னிக்கு இன்னா முடிஞ்சிச்சி?" என்று கேட்பாள். முடிந்துகொண்டேதான் இருந்தது. இடது முன் சக்கரத்தை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தேன்.

வெள்ளிக்கிழமை அதற்கும் நாள் வந்துவிட்டது. பின் சக்கரம் ரெண்டுக்கும் புது சிலிண்டர் போட்டுவிட்டு, பிரேக்கில் ஏர் எடுக்கவேண்டும், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருத்தர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே படுத்து நட்டைத் திறந்து ஆயில் வருகிறதா என்று பார்க்கவேண்டும். கடைப் பையனைக் கூட்டி வந்திருப்பேன். அதற்குள் ஜெஸி உன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அடி" என்றேன், அடித்தாள். "பிடி" என்றேன், மிதித்துப் பிடித்தாள். பின் சக்கரங்களில் முதலில் நுரையும் பிறகு சுத்தமான ஆயிலும் வந்தது. அடுத்தது இடது முன் சக்கரம். நட்டைத் திறந்தேன். குண்டு எடுக்கப்பட்டிருக்கும் என்று மனசின் ஒரு மூலையில் எனக்கு நம்பிக்கை இருந்தது. நீ வேறு யாரிடமாவது போய் மாற்றியிருப்பாய், நான் நாலு வருஷமாய் வீணாகச் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று. ஆயில் வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை.

"வருதா சித்தப்பா?"

சக்கரத்துக்கு அடியிலிருந்து, ஏறும்போது அவள் கீழே கழற்றிவிட்ட செருப்பு மட்டும் தெரிந்தது.

"சித்தப்பா, காது கேக்கலியா? வருதா?"

"வருது" என்றேன்.

"நல்லா வருதா?"

"நல்லா வருதும்மா. போதும், எறங்கு."

இறங்கி வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டாள். கையைத் துணியில் துடைத்தாள். "பெடலு கல்லு மாதிரி கீது சித்தப்பா" என்றாள். "இவ்ளோ நல்ல பிரேக்க வச்சிகினு எப்பிடி போயி மோதிச்சி நைனா? குடிச்சிருந்தா பிரேக்கு இன்னா பண்ணும், பாவம்."

பிரேக்குக்குப் பாவம் பார்த்தாள் அண்ணாத்தே, உன்னைப் பார்க்கவில்லை.

டீ வாங்கி வரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டுக் குழாயைக் கழற்றினேன். குண்டு உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஆயிலுக்குள்ளேயே கிடந்ததால் பளபளவென்று இருந்தது. அந்த வண்டியில் துருப்பிடிக்காத ஒரே சாமான் அதுதான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் கொண்டுவந்த டீயைக் குடித்தேன், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை தனியாக வந்து புதுக் குழாயும் புது சிலிண்டரும் போட்டேன், பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டுப் பெடலை மிதிக்கவைத்து ஏர் எடுத்தேன். இப்போது நாலு சக்கரமும் ஒழுங்காகப் பிடிக்கிறது, கையை விட்டாலும் வண்டி நேராக நிற்கிறது. ஓட்டிப் பார்த்துவிட்டேன். பயப்படாதே, உன் பிள்ளைக்கு வண்டியால் ஒன்றும் ஆகாது. டம்மி போட்டதற்கு இனி உலகத்தில் சாட்சி இல்லை, என் சட்டைப்பையைத் தவிர. அதையும் பாலத்திலிருந்து முகத்துவாரத்தில் எறிந்துவிடலாம். எறிந்தால் என்ன என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன்னிடம் மறைத்து என்ன?

அதே சனிக்கிழமை மத்தியானம் டோல்கேட் பக்கம் ஒரு நீல டெம்போ போனது. போன மழைக்கு முன்னால் அதன் முன் சக்கரத்தில் டம்மி போட்டவன் நான்தான். ஓடிப்போய் மறித்தேன். "எப்பா, அன்னிக்கு டம்மி போட்டது, மாத்தினியா?" என்றேன். டிரைவர் சிரித்தான். "பேஜாரு பண்ணாத மாமு. பெடலு கல்லு மாதிரி கீது. அப்பால வரேன்" என்றான். பின்னால் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் ஆறேழு பேர், கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே வேடிக்கை பார்த்தார்கள். சிக்னல் விழுந்தது, போய்விட்டான். இவனை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இல்லாதவர்கள் எத்தனை பேர்? இருபது வருஷத்தில் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லி அனுப்பினேன்? கடை வாசலில் எழுதி மாட்டியிருக்கிறேன், என்னிடம் டம்மி போட்ட வண்டிகள் உடனே வரவேண்டும் என்று. இதுவரை ஒரு வண்டி வரவில்லை. போகிற வருகிற ஒவ்வொரு பிக்கப்பையும் அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கிறேன். எங்காவது பிரேக் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டால், அடுத்த சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் அண்ணி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நாளைக்கு முதல் சவாரி. வண்டிக்கு மாலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஜெஸி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வீட்டுக்குள் நடக்கிறாள். "முன் சீட்டுல நான்தான் குந்துவேன்" என்றார் அண்ணி. நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு. எனக்கு மீன் வைத்துக்கொண்டே, "இந்த டிரைவர நம்பி குந்தலாம் சவரி. இது குடிக்காத டிரைவரு" என்றார். ஜெஸியும் சிரித்தாள். நீ இருக்கிற படம் அந்தச் சுவரில் இல்லை, கழற்றிய ஆணி மட்டும் இருக்கிறது. முள் சிக்கிக்கொண்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மாலையோடு அந்த வண்டி அப்படியே கிளம்பிவிட்டால், நீ என்றைக்குமே குடித்துச் செத்தவன்தான். அவள் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் உன்னைத் திட்டிக்கொண்டே ஓட்டுவாள். நல்ல பிரேக்கைக் கொடுத்து உன் மகளின் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் மார் தட்டிக்கொள்ளலாம். உன்னை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டு இப்போதே திரும்பிப் போகிறேன், பொழுது சாய்வதற்குள். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த அறிக்கையை வெளியே எடுக்கச் சொல்வேன். "அண்ணன் குடிக்கல. பாட்டில்ல இருந்தது நான் ஊத்திக் குடுத்த பிரேக் ஆயிலு. வண்டி இழுத்தது நான் போட்ட டம்மியால. மாத்த வந்தவர தொரத்தி வுட்டதும் நான்தான்" என்று ரெண்டு பேர் முன்னாலும் சொல்வேன், எதையும் விடாமல். பிறகு இதை ஓர் எழுத்து மாற்றாமல் சங்கத்தில் கொடுப்பேன். போடமாட்டோம் என்றால் என் கடைச் சுவரில் ஒட்டுவேன். படிக்கிற டிரைவர் ஒருத்தனாவது வண்டியை ஓரங்கட்டி, இறங்கிக் குனிந்து பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு ஜெஸி என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாளா, தெரியாது. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று அண்ணி சொன்னால் போவேன். என் முகத்தில் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும் அண்ணாத்தே. இத்தனை நாள் உன்னை வெளியே நிறுத்திவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது நான். இனி நீ உள்ளே போ.

உன் கூடப்பிறந்தவன் என்று கையெழுத்துப் போடக் கூசுகிற,
தம்பி சவரி